புல்லுக்கு அடியில ஒரு வயல்: மாட்டோ குரோசோ பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, குயாபா

பிரேசில்ல மாட்டோ குரோசோ மாநிலத் தலைநகர் குயாபால ஃப்ளைட் எறங்கினதும் போன்ல மணி ஒரு மணி நேரம் பின்னாடி போயிடுச்சு, ஒரே நாடுன்னாலும் சாவோ பாவ்லோ நேரம் வேற இங்க நேரம் வேற. ஏர்போர்ட்டும் குயாபாக்குள்ள இல்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம் வார்சியா கிராண்டில இருக்கு. வெயில்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க, பிப்ரவரி மழைக்காலம்ங்கறதால வெயிலோட புழுக்கமும் சேந்து சட்டை அஞ்சு நிமிஷத்துல முதுகுல ஒட்டிக்கிச்சு.

ஊர் சுத்திப் பாக்க வரல. நான் விவசாயம் படிச்சவன், விதைக் கம்பெனி வேலைன்னு பிரேசில் வந்து சேந்தவன், ஆபீஸ்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு ஸ்லைடு போட்டுடுவாங்க, பிரேசில் ஒரு மரத்தக் கூட வெட்டாம சாகுபடிப் பரப்ப இன்னும் எவ்வளவோ கூட்டலாம்னு. எப்படின்னு கேட்டா ரெண்டு வழி சொல்வாங்க. ஒண்ணு, மாடு மேயற நிலத்த வயலாக்கறது. இன்னொண்ணு, இருக்கற வயல்லயே ரெண்டு போகம் எடுக்கறது. கேக்க நல்லாத்தான் இருக்கு. இந்த நாட்டுல மேய்ச்சல் நிலம் மட்டும் சுமார் 16 கோடி ஹெக்டேர், நம்ம தமிழ்நாட்டோட மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான், அப்ப 12 தமிழ்நாடு அளவுக்குப் புல்லு. அதுல பாதிக்கு மேல ஏதோ ஒரு அளவுல சீரழிஞ்சு கெடக்குன்னு சாட்டிலைட் படம் வச்சுச் சொல்றாங்க. ஸ்லைடு பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு, நேர்ல பாத்துடலாம்னு லீவு போட்டு கிளம்பியாச்சு.

கூட வர்றவர் நம்ம ஆபீஸ் நண்பரோட சித்தப்பா பையன், இங்கயே வயல் ஆலோசகர் வேலை பாக்கறார், பிக்கப் வண்டி அவரோடது. அவங்க தாத்தா பாட்டி தெற்கே ரியோ கிராண்டி டோ சுல்லருந்து 70கள்ல இங்க குடியேறினவங்க. இங்க பாதிப் பேரு கதை அதுதான்.

ராத்திரி பக்கு மீன் வறுவல். முள்ளு மட்டும் ஜாக்கிரதை.

ஞாயிறு, குயாபா – நோப்ரெஸ் – நோவா முத்தும்

காலைலயே பிஆர்-163 புடிச்சாச்சு. 70கள்ல ராணுவ ஆட்சி இருந்தப்ப காட்டுக்குள்ள போட்ட ரோடு, வடக்கே அமேசான் ஓரம் சான்டாரெம் வரைக்கும் போகுது. அதுல மிரிச்சிச்சூபா படகுத்துறை வரைக்கும் தார் போட்டு முடிக்க 2020 ஆயிடுச்சு. ரோட்டுல காரவிட லாரி ஜாஸ்தி, அதுவும் ஒம்போது அச்சு லாரி, 50 டன் சோயா ஏத்திக்கிட்டு போற ஒண்ண ஓவர்டேக் பண்றதுக்குள்ள எனக்கு குலதெய்வம் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு.

நோப்ரெஸ் பக்கம் வந்ததும் மலையே வெள்ளை வெள்ளையா வெட்டிக் கெடக்கு. சுண்ணாம்புக் கல் குவாரி. இந்த ஊருக்கு ஜனங்க தெளிஞ்ச தண்ணில மீனோட நீந்தறதுக்கு டூர் வருவாங்க, நாங்க தூசி பாக்க நின்னோம். கல்ல அரைச்சு மாவாக்கி லாரில ஏத்திட்டே இருக்காங்க, ரோட்டோரச் செடி எல்லாம் மாவு பூசின மாதிரி. செராடோன்னு சொல்ற, புல்லும் குட்டை மரமும் கலந்த இந்த நிலத்தோட விவசாயக் கதையே இந்த மாவுலதான் ஆரம்பிக்குது, நம்மாளுங்க யாரும் இதப் பத்தி எழுதினதா நான் பாக்கல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இந்த மண்ணு பாக்க அட்டகாசமா இருக்கும். செக்கச் செவேல்னு, ஆழமா, கல்லு இல்லாம, மேசை மாதிரி சமதளம், தண்ணி ஊத்தினா கடகடன்னு உள்ள இறங்கும். ஆனா பயிர் வைக்க லாயக்கில்லன்னுதான் 1960கள் வரைக்கும் எல்லாரும் நெனச்சாங்க. ஏன்னா மண்ணு புளிப்பு, பிஎச் 5க்கும் கீழ, அந்தப் புளிப்புல அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியக் கருக்கிடும். வேர் கீழ போகாது, ஒரு பத்து நாள் மழை நின்னாலே பயிர் வாடிடும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கெடையாது, உரமாப் போட்டாலும் இரும்பும் அலுமினியமும் புடிச்சு வச்சுக்கும். இதுக்கு வைத்தியம் சுண்ணாம்புத் தூள், ஹெக்டேருக்கு ரெண்டு மூணு டன், கீழ் மண்ணுக்கு ஜிப்சம், அப்புறம் மணிச்சத்து அள்ளி அள்ளி. 1973ல ஆரம்பிச்ச எம்பிராபாங்கற அரசு விவசாய ஆராய்ச்சி நிறுவனம்தான் இத ஊர் ஊரா சோதிச்சுக் காட்டுச்சு. இதுக்காகவே எட்சன் லோபாட்டோ, அலிசன் பாவ்லினெல்லி, அமெரிக்காக்காரர் காலின் மெக்ளங் மூணு பேருக்கும் 2006ல உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க.

இதோட இன்னொரு வேலையும் நடந்துச்சு. சோயா குளிர் நாட்டுப் பயிர், பகல் நீளத்தப் பாத்துப் பூக்கும், பூமத்திய ரேகைப் பக்கம் கொண்டு வந்தா முழங்கால் உயரத்துலயே பூத்துட்டு முடிச்சிடும். அதுக்கு லேட்டா பூக்கற ரகங்கள உருவாக்கினாங்க. அப்புறம் தழைச்சத்து (நைட்ரஜன்). ஜோஹன்னா டோபரெய்னர்னு ஒரு விஞ்ஞானி, வேர் முடிச்சு பாக்டீரியாவே போதும் யூரியா வேணாம்னு நின்னாங்க, இன்னிக்கும் பிரேசில் சோயாவுக்கு தழைச்சத்து உரம் கிட்டத்தட்ட போடறதே இல்ல. மத்த உரத்துக்கு நிலைமை தலைகீழ், நாட்டுக்கு வேணும்கறதுல சுமார் 85 சதவீதம் இறக்குமதி. ஸ்லைடுல இத சின்ன எழுத்துல போடுவாங்க.

நோவா முத்தும்ல தங்கல். ரூம்ல ஏசி ஓடுது, கொசுவும் ஓடுது.

திங்கள், லூக்காஸ் டோ ரியோ வெர்டே – சொரிசோ

இன்னிக்குப் பாத்தத எழுதத்தான் இந்தப் பயணமே வந்தேன்னு சொல்லலாம்.

சொரிசோக்கு முன்னாடி ஒரு பண்ணை. கேட்லருந்து வீட்டுக்கே வண்டில பத்து நிமிஷம். நாங்க போகும்போது அறுவடை மிஷின் நாலு வரிசையா சாய்வா போயிட்டு இருக்கு, சோயா அறுத்து பின்னாடி தட்டைய பொடியாக்கி தூவிட்டே போகுது. அதுக்குப் பின்னாடி, நான் மிகைப்படுத்தல, ஒரு முந்நூறு மீட்டர் தள்ளி விதைப்பு மிஷின் அதே வயல்ல மக்காச்சோளம் ஊனிட்டு வருது. உழவே கெடையாது. தட்டைய வட்டு கிழிக்குது, விதையும் உரமும் உள்ள விழுது, பின்னாடி சின்னச் சக்கரம் அமுக்கி மூடுது. காலைல சோயா நின்ன இடத்துல மதியம் சோளம் மண்ணுக்குள்ள. நம்ம டெல்டால நெல்லு அறுக்கறதுக்கு முன்னாடியே ஈரத்துல உளுந்து தெளிச்சு விடுவாங்களே, அதே யோசனைதான், இங்க ஆயிரக்கணக்கான ஹெக்டேர்ல டீசல் குடிச்சுக்கிட்டு நடக்குது.

இத சஃப்ரின்யான்னு சொல்றாங்க. ஆரம்பத்துல கெடைச்ச மட்டும் லாபம்னு போட்ட பயிர். இன்னிக்கு பிரேசில் மக்காச்சோளத்துல முக்கால்வாசி இந்த ரெண்டாம் போகத்துலருந்துதான் வருது. மாட்டோ குரோசோல சோயா சுமார் 1.2 கோடி ஹெக்டேர், அதுல 70 லட்சம் ஹெக்டேர் வாக்குல சோயா எடுத்த கையோட சோளம் ஏறுது, போதாததுக்கு பருத்தியும் 10 லட்சத்துக்கு மேல. ஒரு அங்குலம் புது நிலம் இல்லாம கெடைச்ச பரப்பு இது.

எல்லாமே மானாவாரி, இதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லணும். போர் இல்ல, கால்வாய் இல்ல, மழைதான். மழை செப்டம்பர் கடைசி இல்ல அக்டோபர்ல ஆரம்பிச்சு ஏப்ரல், மே ஆரம்பம் வரைக்கும், அதுக்கப்புறம் செப்டம்பர் வரைக்கும் வானம் பொட்டு ஈரம் காட்டாது. அந்த ஏழு மாசத்துக்குள்ள ரெண்டு பயிரையும் அடக்கணும். அதுக்காகவே 100, 110 நாள்ல முடியற சோயா ரகம். பிப்ரவரி கடைசிக்குள்ள சோளம் மண்ணுக்குள்ள போயிடணும், போகலன்னா பூக்கற நேரத்துல மழை நின்னுடும், கதிர்ல மணி புடிக்காது. பண்ணை மேனேஜர் சுவத்துல ஒரு காலண்டர் மாட்டி வச்சிருக்கார், பிப்ரவரி 20ஐ சிவப்புல வட்டம் போட்டு வச்சிருக்கார். அதுக்குள்ள போட்டது முதல் தரம், செலவு பண்ணி நல்ல விதை போடலாம். அதுக்கு மேல போட்டா சூதாட்டம், சும்மா கெடந்த விதையப் போட்டு உரத்தக் குறைச்சிடுவாராம். நம்ம ஊர்ல ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றோம், இவங்க பட்டத்த நாள் கணக்குல கட்டி வச்சிருக்காங்க.

நல்ல வருஷத்துல சோயா ஹெக்டேருக்கு 60 மூட்டை, சோளம் 100க்கு மேல, மூட்டைன்னா இங்க எப்பவும் 60 கிலோ. நிலத்தோட விலை, குத்தகை, கடன், டிராக்டர் விலை எல்லாமே சோயா மூட்டைலதான் பேசறாங்க. நாட்டுப் பணமான ரெய்ஸ்ல கணக்கு பேங்க்குக்கு மட்டும்.

அப்ப சோயா மேல சோயாவே போட வேண்டியதுதானேன்னு கேட்டேன். மேனேஜர் மொகம் சுருங்கிடுச்சு. 2001ல பிரேசிலுக்கு வந்த ஆசியத் துரு நோய், காத்துல பறந்து போற பூஞ்சாணம், செடி உயிரோட இருந்தாதான் அதுவும் உயிரோட இருக்கும். அதனால ஜூன்லருந்து செப்டம்பர் ஆரம்பம் வரைக்கும் வயல்ல ஒரு சோயாச் செடி இருக்கக் கூடாது, தானா மொளைச்சது கூட, இருந்தா அபராதம். சோயாவுக்குப் பின்னாடி சோயா போட்டா அந்தத் துருவுக்கு விருந்து வச்ச கணக்கு. ரெண்டாம் போகம்னா எதையாவது ரெண்டு தடவ போடறது இல்ல, எது எதுக்கு அப்புறம்ங்கறதுல இருக்கு.

மேனேஜர் சிமர்ராவ் குடுத்தார், தெற்கத்திக்காரங்க குடிக்கற கசப்பு மூலிகைத் தண்ணி, ஒரே குழல் எல்லாருக்கும். 36 டிகிரில சுடச்சுட. பழகிக்கலாம்.

செவ்வாய், சொரிசோ

மழை. ராத்திரி ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. மிஷின் எல்லாம் ஷெட்ல. காஞ்ச சோயா நின்னுட்டே நனையுது, நாலு நாள் இப்படியே போனா காய்க்குள்ளயே மொளைக்க ஆரம்பிச்சிடுமாம். நேத்து ஏன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் லைட் போட்டு அறுத்தாங்கன்னு இன்னிக்குத்தான் புரியுது.

அதனால கூட்டுறவுக் கொள்முதல் மையத்துல போய் உக்காந்தோம். லாரில நீளமான இரும்புக் குழாய விட்டு சாம்பிள் உறியறாங்க, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல போனா கணக்குல கழிச்சுடுவாங்க, இன்னிக்கு வர்றது எல்லாம் 20, 22. உலர்த்தற அடுப்புக்கு யூகலிப்டஸ் கட்டை. ரெண்டாம் போகம் பேசறவங்க இதையும் சேத்துத்தான் பேசணும்: ரெண்டு அறுவடைன்னா ரெண்டு தடவ உலர்த்தணும், ரெண்டு தடவ சேமிக்கணும், ரெண்டு தடவ லாரி. இங்க சைலோ, அதாவது தானியம் கொட்டி வைக்கற கோபுரம், பத்தல, ஜூன் ஜூலைல சோளம் திறந்த வெளில மலை மாதிரி குமிஞ்சு கெடக்குமாம், மழை இல்லாத மாசம்ங்கறதால தப்பிக்குது. சான்டோஸ் துறைமுகம் இங்கருந்து சுமார் 2,000 கிலோமீட்டர்.

முந்தின போஸ்ட்டுக்கு ஒருத்தர் கேட்டிருந்தார், நிலத்த வயலாக்கிட்டா மாட்ட எங்க கொண்டு போவாங்கன்னு. ரொம்ப சரியான கேள்வி. கிழக்குப் பக்கம் போனப்புறம் பதில் சொல்றேன்.

புதன், சினோப்

காடு இங்கருந்து ஆரம்பிக்குது, ஆரம்பிச்சதுன்னு சொல்லணும். ரோட்டோரம் வயல், தூரத்துல கருப்பா ஒரு மரச் சுவர்.

சினோப்ல எம்பிராபாவோட ஒரு நிலையம் இருக்கு, பயிர், மாடு, மரம் மூணையும் ஒரே நிலத்துல சேத்து சோதிக்கறதுதான் அவங்க வேலை. எனக்குப் புடிச்சது சோளத்துக்கு நடுவுல புல்லு போடற முறை. சோளம் ஊனும்போதே பிராக்கியாரியா புல்லு விதையையும் சேத்துப் போட்டுடறாங்க. ஆப்பிரிக்காலருந்து வந்த புல்லு இது, பிரேசில் மாட்டுல பெரும்பாலானது இதத் தின்னுதான் வளருது. சோளம் வளந்து நிழல் விழுந்ததும் புல்லு அடங்கிக் கெடக்கும், ஜூன்ல சோளம் அறுத்ததும் வெளிச்சம் பட்டு எழும்பும், வேர் ரெண்டு மீட்டருக்கும் கீழ போய் இருக்கற ஈரத்த எடுத்து வறண்ட மாசத்துல பச்சையா நிக்கும். பக்கத்துப் பண்ணை எல்லாம் காஞ்சு சருகா கெடக்கும்போது அங்க மாட்ட விடறாங்க, செப்டம்பர்ல மாட்ட வெளிய எடுத்து, புல்லு மேல களைக்கொல்லி அடிச்சு, அந்தக் காஞ்ச படுக்கை மேலயே சோயா. சோயா, சோளம், மாட்டுக் கறி, ஒரே நிலம் ஒரே வருஷம். மூணாவதுக்கு சஃப்ரின்யா காளைன்னே பேரு வச்சிருக்காங்க.

இன்னொரு விஷயமும் இங்கதான் எனக்குப் புடிபட்டது. ரெண்டு வழி ரெண்டு வழின்னு ஸ்லைடு தனித்தனியா காட்டுதே, உண்மைல ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டியிருக்கு. ரெண்டாம் போகச் சோளம் இந்த மூலைல மலிவு, ஏற்றுமதி லாரி வாடகையே சோளத்த தின்னுடும். அதனால எத்தனால் ஆலை வந்துச்சு, சோளத்த மட்டும் வச்சு ஓடற நாட்டோட முதல் ஆலை 2017ல லூக்காஸ்ல, சினோப்ல அதவிடப் பெருசா ஒண்ணு. எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சற சக்கைல புரதம் ஜாஸ்தி, அது மாட்டுத் தீவனம். கடைசி மூணு மாசம் மாட்ட பட்டில அடைச்சு இந்தத் தீவனம் போட்டா, புல்லு மேஞ்சு நாலு வருஷத்துல எட்டற எடைய சீக்கிரமே எட்டிடும். மாடு சீக்கிரம் போச்சுன்னா அத்தனை புல்லுத் தரை தேவையில்ல. ஆக வயல்ல போட்ட ரெண்டாம் பயிர் எங்கயோ ஒரு மேய்ச்சல் நிலத்த விடுவிக்குது.

கணக்கு இப்படி: நாட்டுல மாடு 23 கோடிக்கு மேல, அதுல பட்டில இருக்கறது கொஞ்சம்தான், மேய்ச்சல் நிலத்துல ஹெக்டேருக்கு ஒண்ணு, ஒண்ணரைக்குள்ளதான் நிக்குது. ஒண்ணு இருக்கற இடத்துல ஒண்ணரை நிறுத்தினாலே மூணுல ஒரு பங்கு நிலம் மிச்சம். நல்ல புல்லுல, கொஞ்சம் உரம் போட்டா ரெண்டு மூணு கூட நிக்கும். காகிதத்துல இதவிட சுலபமான கணக்கு இல்ல.

வியாழன், வெள்ளி, பஸ்

சினோப்லருந்து திரும்ப குயாபா, அங்கருந்து ராத்திரி பஸ் கிழக்கே. கூட வந்தவருக்கு வேலை, பிக்கப் போச்சு. பிரிமவேரா டோ லெஸ்டே தூக்கத்துல போயிடுச்சு, பார்ரா டோ கார்சாஸ்ல விடியக்காலை சீஸ் பன்னும் காபியும், அரகுவாயா ஆறு மூடுபனில. அப்புறம் பிஆர்-158ல வடக்கே. தார் ரோடு இருக்கற இடம் இருக்கு, குழிக்கு நடுவுல தார் இருக்கற இடமும் இருக்கு. கனரானா வந்து சேர மத்தியானம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு தரம் வயல், ஒரு தரம் வெள்ளை மாடு, ஒரு தரம் வயல்.

சனி, கனரானா – கெரென்சியா

இங்க எனக்கு வழிகாட்டி ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், எழுவது வயசு இருக்கும், மகன் கூட இருக்கார். பெரியவர் எடுத்த உடனே கேட்டது, "சோயா கம்பெனி ஆளா?" இல்ல விதைன்னு சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி" ன்னுட்டார்.

அவரோட பழைய புல்லுத் தரைல நடந்தோம். தூரத்துலருந்து பச்சையா இருக்கு, கிட்ட போனா பொதர் பொதரா புல்லு, நடுவுல வெறும் செம்மண்ணு, மழைத்தண்ணி ஓடி சின்னச் சின்ன வாய்க்கா. கரையான் புத்து மட்டும் நல்லா வெளஞ்சிருக்கு, என் இடுப்பு உயரம், பத்தடிக்கு ஒண்ணு. நான் ஒண்ண எட்டி உதைச்சுப் பாத்தேன், கான்கிரீட். இந்தப் புல்லு மாராண்டுங்கற பிராக்கியாரியா ரகம், 1984ல எம்பிராபா வெளியிட்டது, நாடு பூரா பரவிடுச்சு, போட்டுட்டு முப்பது வருஷம் ஒரு புடி உரம் போடாம மாட்ட விட்டா என்ன ஆகும்னு இதுதான் பதில். மாடு கறியா எலும்பா வெளிய போகும்போது மணிச்சத்தும் கூடவே போகுது, திரும்ப யாரும் வைக்கல. ஏன் வைக்கலன்னு கேட்டா பெரியவர்ட்ட நேர்மையான பதில் இருந்துச்சு: அந்தக் காலத்துல ஒரு ஹெக்டேர்ப் புல்ல சரி பண்ற காசுக்கு வடக்குல புதுசா ஒரு ஹெக்டேரே வாங்கலாம், யாரு சரி பண்ணுவா?

வேலிக்கு அந்தப் பக்கம் அவரே ஒரு பகுதிய சோயாக்காரர் ஒருத்தருக்கு குத்தகைக்கு விட்டிருக்கார். அதே மண்ணு, அதே புல்லு இருந்த நிலம், இது முதல் வருஷ சோயா. போன மழை முடிஞ்சதும் புத்த எல்லாம் டிராக்டர்ல இடிச்சு, வேர்க்கட்டைய ஆள வச்சுப் பொறுக்கி (இதுக்கு மட்டும் இன்னும் மிஷின் கெடையாது, ஆள் வரிசையா நடந்து கையால பொறுக்கி வண்டில போடறாங்க), சுண்ணாம்பு அடிச்சு, மழை வந்து புல்லு துளுத்ததும் களைக்கொல்லி அடிச்சு, நேரடி விதைப்பு. லேட்டா போட்டதால இன்னும் பச்சையா நிக்குது. ஒரு செடிய மண்வெட்டியால ஆழமாத் தோண்டி எடுத்தோம். வேர்ல மொளகு அளவு முடிச்சு, ஒண்ண நகத்தால கிள்ளினேன், உள்ள நல்ல ரோஸ் நிறம், வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா பக்கத்துச் செடில ரெண்டே ரெண்டு முடிச்சு. சோயாவே பாக்காத மண்ணுல அந்த பாக்டீரியா இருக்காது, அதனால முதல் வருஷம் விதை நேர்த்திக்கு ரைசோபியம் ரெண்டு மடங்கு போடச் சொல்வாங்க, வெயில்ல விதைச்சா அதுலயும் பாதி செத்துடும். வேரும் ஒரு சாண் கீழ போய் வளைஞ்சு நிக்குது, சுண்ணாம்பு இன்னும் கீழ இறங்கல.

முதல் வருஷ மகசூல் பழைய வயல் பக்கத்துல வராது. மூணு நாலு வருஷம் ஆகும். இந்த வயல்ல இந்த வருஷம் சஃப்ரின்யாவும் இல்ல. ஸ்லைடுல "மேய்ச்சல் நிலம் மாற்றம்"னு ஒரே அம்புக்குறி போட்டுடறாங்க, அந்த அம்புக்குறிக்குள்ள மூணு நாலு வருஷத்து நஷ்டக் கடன், சுண்ணாம்பு லாரி வாடகை, சைலோ இருக்கற தூரம், வேர் பொறுக்கற ஆள் கூலி எல்லாம் ஒளிஞ்சிருக்கு. அதனாலதான் முதல்ல வயலாகறது ரொம்ப மோசமான புல்லுத் தரை இல்ல. ரோட்டுக்குப் பக்கம், சமதளம், களிமண் பாங்கு, இப்படி நல்லதாப் பாத்துத்தான் எடுக்கறாங்க. சரிவு, மணல், சரளைக்கல் நிலம் அப்படியே கெடக்கும்.

எம்பிராபா ஆளுங்க நாடு பூரா வரைபடத்த வச்சு சலிச்சுப் பாத்து, நடுத்தரமா இல்ல கடுமையா சீரழிஞ்சு அதே நேரம் பயிருக்கும் ஏத்ததுன்னு சொன்னது சுமார் 2.8 கோடி ஹெக்டேர். அரசாங்கம் 2023 டிசம்பர்ல ஒரு திட்டம் அறிவிச்சுது, பத்து வருஷத்துல 4 கோடி ஹெக்டேர் வரைக்கும் சீரழிஞ்ச மேய்ச்சல மாத்தறதுன்னு, அதுல வயல் மட்டும் இல்ல, நல்ல புல்லாத் திரும்ப மாத்தறதும், மரம் வளக்கறதும் அடக்கம். 2.8ங்கறத நான் நம்பறேன். ஆனா அது மண்ணோட கணக்கு, பேங்க் மேனேஜரோட கணக்கு இல்ல.

இப்ப அந்தக் கேள்வி, மாடு எங்க போகும். பெரியவர் குத்தகைப் பணத்துல மிச்ச நிலத்துல புல்ல உழுது புதுசா போட்டு, மின்வேலி கட்டி, பத்தி பத்தியா மாத்தி மேய்க்கறார். போன வருஷம் இருந்த அதே மாடு, நிலம் மட்டும் கம்மி. இது நல்ல பதில். ராத்திரி சாப்பாட்டுல மகன் சொன்னது இன்னொரு பதில்: இங்க இருக்கறத சோயாக்காரனுக்கு வித்தா, அந்தக் காசுக்கு வடக்கே அமேசான் காட்டுப் பக்கம் பாரா மாநிலத்துல நாலஞ்சு மடங்கு நிலம் வரும், மாட்ட அங்க ஓட்டிக்கலாம்னு. பாரால அந்த நிலத்து மேல என்ன நிக்குதுன்னு நான் கேக்கல, எல்லாருக்கும் தெரியும். பெரியவர் கறியத் திருப்பிப் போட்டுட்டே "அங்க போய் நான் சாக மாட்டேன்"னு மட்டும் சொன்னார். சோயா ஒரு மரமும் வெட்டலன்னு சொல்றது அப்ப பாதி உண்மைதான், காட்ட வெட்டின நிலத்து சோயாவ வாங்கறதில்லன்னு கம்பெனிங்க 2006ல போட்ட சோயா தடை ஒப்பந்தமும் அமேசான் சோயாவத்தான் பாத்துச்சு, சோயாவுக்கு நிலத்த வித்துட்டு வடக்கே போன மாட்டப் பாக்கல.

ஞாயிறு, கெரென்சியா

காலைல மகன் அவங்க பண்ணையோட கடைசி எல்லைக்குக் கூட்டிப் போனார். இங்க காடு நிக்குது. சட்டப்படி நிக்கணும். 2012 வனச் சட்டத்துல அமேசான் பகுதின்னா ஒவ்வொரு பண்ணைலயும் காட்டுல 80 சதவீதம் விட்டு வைக்கணும், செராடோன்னா 35, இந்த ரெண்டும் சேர்ற இடம் இது. ஒரே ரோட்டுல அடுத்தடுத்த ரெண்டு பண்ணைக்கு வேற வேற கணக்கு, உங்க மரம் காட்டு மரமா செராடோ மரமான்னு வக்கீல் வச்சு வாதாடறாங்க. 2008 ஜூலைக்கு முன்னாடி வெட்டினதுக்கு சலுகை உண்டு, அதுல ஒரு தனிப் பஞ்சாயத்து.

வேலிய தாண்டி மரத்தடிக்குள்ள ஒரு இருபது அடி போனோம். சும்மா சொல்லக் கூடாது, வெளிய வயல்ல மண்டை பொளக்குது, உள்ள சட்டை காய ஆரம்பிச்சிடுச்சு. வயலுக்கும் காட்டுக்கும் தரை வெப்பம் சில டிகிரி வித்தியாசம்னு இந்தப் பக்கத்துலயே வருஷக் கணக்கா அளந்துட்டு இருக்காங்க. காட்டு வேர் வறண்ட காலத்துலயும் ஆழத்துத் தண்ணிய இழுத்து ஆவியா விட்டுட்டே இருக்கும், செப்டம்பர்ல முதல் மழை திரள்றதுக்கு அந்த ஈரம் உதவுது. வயல் அந்த மாசத்துல வெறும் தட்டை. காடு ரொம்ப அழிஞ்ச தெற்கு அமேசான் பகுதிகள்ல மழை தொடங்கறதே தள்ளிப் போகுதுன்னு ஆராய்ச்சி வந்திருக்கு.

சொரிசோல பாத்த அந்த சிவப்பு வட்டத்துக்கும் இதுக்கும்தான் முடிச்சு. மழை ஆரம்பம் ரெண்டு வாரம் தள்ளிப் போனா சோயா விதைப்பு தள்ளும், அறுவடை தள்ளும், சோளம் மார்ச்சுக்குள்ள போயிடும், மே மாசம் காயும். வெறும் தாமதம்னா முதல் பயிருக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, அடி விழறது ரெண்டாம் போகத்துக்கு. 2023 கடைசில எல் நினோ வந்தப்ப ஒரு ஒத்திகை மாதிரி இத எல்லாரும் பாத்தாங்க, அந்த வருஷம் முதல் பயிரும் தப்பல, அக்டோபர் நவம்பர் மழை ஏமாத்தி சோயா கருகி மறுவிதைப்பு போட்டவங்க இருக்காங்க, சோயாவையே விட்டுட்டு நேரா பருத்திக்குப் போனவங்களும் இருக்காங்க. காட்ட வெட்டி ஒரு ஹெக்டேர் புதுசா சேக்கறவன் பக்கத்து பத்து ஹெக்டேரோட சஃப்ரின்யாவுல கொஞ்சத்த எடுக்கறான்னு வச்சுக்கலாம், இத யாரும் அவன்கிட்ட வசூல் பண்றதில்ல. ரெண்டாம் போகம் போட்ட வயல், ஒரு போகத்தோட விட்ட வயலவிட கூடுதல் நாள் பச்சையா நின்னு தண்ணிய ஆவியாத் திருப்பி விடுதுங்கறதும் நெசம், ஆனா ஆகஸ்ட்ல அதுவும் காஞ்சுதான் கெடக்கும்.

மகன் இத எல்லாம் தலையாட்டிக் கேட்டார். அப்புறம் வண்டில ஏறும்போது சொன்னார், பாராக்குப் போறதா வேண்டாமாங்கறது மழையப் பாத்து முடிவு பண்ற விஷயம் இல்ல, அடுத்த வருஷம் சோயா மூட்டை விலை என்ன, கன்னுக்குட்டி விலை என்ன, பேங்க் இந்தப் புல்ல சரி பண்ண எத்தனை வட்டிக்குக் கடன் தருதுங்கறதுதான்னு. அந்தக் கடைசிது ஒண்ணுதான் அரசாங்கம் கைல இருக்கு. பாராவுல ஒரு ஹெக்டேர் வாங்கறத விட இங்க ஒரு ஹெக்டேர்ப் புல்ல மீட்கறது மலிவா ஆனா இவர் போக மாட்டார், இவர மாதிரி ஆயிரம் பேரு போக மாட்டாங்க.

பஸ் நாளைக்கு காலைல அஞ்சரைக்கு. போட்டோ எல்லாம் சாவோ பாவ்லோ போய் ஏத்தறேன், இங்க நெட் இழுக்குது.